பட்டம் பெறாத பேராசிரியர்

நகர நிர்மாணக் கலைக்கு வழி காட்டிய பாட்ரிக் கெட்டிஸ்

1914-ம் ஆண்டு அக்டோபர் மாதம். மினிக்காய் தீவுக்கு அருகே கிளான் கிராண்ட் என்ற ஆங்கிலேயச் சரக்குக் கப்பல் வந்து கொண்டிருந்தது. திடீரென்று ஒரு ஜெர்மன் போர்க் கப்பல் அதை வழிமறித்தது. கப்பலில் இருந்தவர்களை இறக்கிக் கொண்டு, கப்பலைக் கடலில் மூழ்கடித்தது.

அந்தப் போர்க் கப்பல் எது தெரியுமா? சில வாரங்களுக்கு முன்புதான் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி, பட்டணத்து மக்களைக் கதி கலங்க வைத்த அதே எம்டன்!

மூழ்கிய கப்பலில் சென்னைக்கு வர வேண்டிய ஒரு கண்காட்சி இருந்தது. உலகத்து நகரங்களின் வரைபடங்கள், சித்திரங்கள், புகைப்படங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக அதில் இருந்தன. அவற்றைச் சேர்க்க ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டிருந்தார். முந்திய ஆண்டில்தான் பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் அந்தக் கண்காட்சி பெரும் பரிசு பெற்றிருந்தது. இப்போது அத்தனையும் கடலுக்கு இரையாகி விட்டது.

அந்த மனிதருக்கு அப்போதுதான் 60 வயது நிறைந்திருந்தது. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவரோ சீமையில் உள்ள நண்பர்களுக்கு எழுதி, மறுபடியும் படங்களைச் சேர்க்கச் சொன்னார். 1915 ஜனவரியில், சென்னைக் கடற்கரையில் உள்ள பல்கலைக் கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தே விட்டது!

அவர்தாம் பாட்ரிக் கெட்டிஸ். நகரங்களை எப்படி அமைப்பது, எப்படிச் சீர்படுத்துவது என்பதை ஒரு தனிப் படிப்பாக ஆக்கியவர்களில் முதன்மையானவர். இன்று உலகெங்கும் மாணவர்கள் பட்டத்துக்காக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் அந்தப் படிப்புக்கு வழி காட்டியவர் ஒரு பட்டமும் பெறவில்லை என்பதுதான் வேடிக்கை!

பாங்கியில் ஒன்றரை ஆண்டு

காந்தியடிகள் பிறந்த அதே அக்டோபர் 2-ந் தேதி, அவருக்கு 15 ஆண்டுகள் முன்னதாக, 1854-ல் கெட்டிஸ் பிறந்தார். ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்பது ஊர். தந்தை பட்டாளத்துக்காரர், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை பாட்ரிக்.

குடும்பம் பெர்த் என்ற ஊருக்கு அருகே ஒரு குன்றின் மேல் குடியேறியது. சுற்றிலும் தோட்டம். கீழே ஆறு, அதை அடுத்து ஊர். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பூவைப் பறித்து ஆராய்வதும், கல்லைப் பொறுக்கிச் சேர்ப்பதும் சிறுவனின் பொழுதுபோக்கு. உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கும் பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெரும் பயனைத் தந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்தது. பையனை பாங்கியில் சேர்த்து விட்டால் வாழ்க்கைக்குக் கவலை இல்லை என்று தந்தை எண்ணினார். எந்தத் தந்தைதான் அப்படி எண்ண மாட்டார்? பாட்ரிக்கும் சொல்லைத் தட்டவில்லை. ஒன்றரை ஆண்டு பாங்கியில் கணக்கு எழுதினார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் மனம் அதில் இல்லை. வேலையை விட்டு வந்து விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றார். தந்தை விட்டுக் கொடுத்தார்.

ஒரே வாரம்!

எங்கே படிப்பது? ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு எடின்பரோ பல்கலைக் கழகம் இருந்தது. புகழ் பெற்ற இடம், வீட்டுக்கும் அருகில். 1874-ல் தாவர நூல் படிப்பதற்காக கெட்டிஸ் அங்கே சேர்ந்தார்.

சேர்ந்த ஒரு வாரத்தில் வெளியேறி விட்டார்!

காரணம் என்ன? அங்கே செடியை அறுத்துப் பார்த்தார்கள். காய்ந்த இலைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டினார்கள். கெட்டிஸ் பார்க்க விரும்பியதோ மண்ணில் நின்று, காற்றையும் வெயிலையும் குடித்து, பூச்சியோடும் பறவையோடும் உறவாடும் உயிருள்ள செடியை. செத்ததைக் கொண்டு வாழ்வதை அறிய முடியாது என்பது அந்த 20 வயது இளைஞரின் முடிவு.

அப்போது ஹக்ஸ்லியின் நூல் ஒன்று அவர் கையில் கிடைத்தது. டார்வினின் கொள்கைக்காக மேடைக்கு மேடை போராடிய உயிர் நூல் வல்லுநர் ஹக்ஸ்லி. அவர் பெயரைக் கேட்டாலே பக்திமான்கள் முகம் சுளித்த காலம் அது. படித்தால் இவரிடம்தான் படிக்க வேண்டும் என்று கெட்டிஸ் தீர்மானித்தார். லண்டனுக்குப் புறப்பட்டார்.

அங்கே ஹக்ஸ்லி வேலை பார்த்த இடம் சுரங்கக் கலாசாலை. செடி கொடியைப் பற்றி அறிய விரும்பியவர் சுரங்கக் கலாசாலையில் போய்ச் சேர்ந்தார்! சேர்ந்த உடனேயே ஹக்ஸ்லியின் வகுப்பில் உட்கார முடியவில்லை. முதலில் ரசாயனமும் பௌதிகமும் மற்றப் பாடங்களும் படித்து முடிக்க வேண்டும் என்றார்கள். தமக்குப் பிடித்த ஆசிரியரின் முன் அமர்வதற்காகப் பிடிக்காத பாடங்களைப் படித்துக் கொண்டு காத்திருந்தார்.

குருவைத் திருத்திய சீடர்

ஹக்ஸ்லியின் ஆராய்ச்சிச் சாலையில் கெட்டிஸின் கை தேர்ந்தது. நத்தை இனத்துப் பிராணிகள் நாக்கை எப்படி அசைத்து இரையை அரைக்கின்றன என்று ஒரு நாள் ஆராய்ந்தார். ஹக்ஸ்லி எழுதியிருந்ததற்கு மாறான முடிவு வந்தது. தயங்காமல் ஆசிரியரிடமே காட்டினார்.

ஹக்ஸ்லி கோபிக்கவில்லை. கூர்ந்து பார்த்தார். தவறு தம்முடையதே என்று ஒப்புக் கொண்டார். அதைக் கட்டுரையாக எழுதி வெளியிடும்படி மாணவரை ஊக்கினார். நல்ல ஆசிரியரைத் தேடிப் போனது வீண் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்பு லண்டனில் வேறொரு கல்லூரியின் ஆராய்ச்சிச் சாலையில் உதவி ஆசிரியராக இருந்தபோது டார்வினையே சந்திக்கும் பேறு கிடைத்தது. குளத்து நீரின் ஒரு துளியில் நெளியும் உயிர்களை நுண்ணோக்கியில் கண்டு, அந்தக் கிழவர் சிறு பிள்ளை போல் குதூகலித்ததை கெட்டிஸ் கடைசி வரை மறக்கவில்லை.

ஆனால் ஒன்று. இத்தனை பேரிடம் படித்தும், பட்டப் பரீட்சை எதற்கும் அவர் உட்காரவே இல்லை. அதன் பலனைப் பிற்பாடு அனுபவித்தார்.

இருட்டறையில் பத்து வாரம்

1878-ல் பிரான்ஸ் தேசத்துக்குப் போனார். பிரிட்டனி கடற்கரையில் ராஸ்காப் என்ற இடத்தில் கடல் பிராணிகளை ஆராய்ந்தார். அங்கிருந்து பாரிஸ். அங்கே ஒரு பிரசங்கத்தைக் கேட்கப் போனார். லெ பிளே என்ற பிரெஞ்சு அறிஞரின் கொள்கையைப் பற்றி அவருடைய சீடர் ஒருவர் பேசினார். ஒரு சமூகத்தை அறிய வேண்டுமானால் அது வாழும் இடம், செய்யும் தொழில், அதன் குடும்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கொள்கை.

கெட்டிஸுக்குப் பொறி தட்டியது. செடியை மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எடின்பரோவை விட்டு வந்தவர் அல்லவா? மனிதனையும் அவன் ஊரோடு சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்!

அடுத்த ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோவுக்குப் போனார். அங்கே கண் பார்வை கெட்டது. சுமார் பத்து வாரம் இருட்டறையில் கண்ணைக் கட்டிக் கொண்டு கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் மணிக் கணக்காகக் கண்ணை வைத்து வேலை செய்யும் சக்தி போய் விட்டது. உயிர் நூல் ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெறலாம் என்ற கனவும் அதோடு கலைந்தது.

இருட்டில் கிடந்தபோது ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணத்தை வைத்து யோசிக்கப் பழகினார். பிற்காலத்தில் காகிதத்தை மடித்துக் கட்டம் கட்டமாக யோசிப்பது அவருடைய வழக்கமாகி விட்டது. கண் மங்கியபோது வேறொரு பார்வை பிறந்தது.

சேரியில் குடித்தனம்

எடின்பரோவுக்குத் திரும்பினார். 1886-ல் லிவர்பூல் வியாபாரி ஒருவரின் மகளான அன்னா மார்ட்டனை மணந்தார். நல்ல வீட்டில் பிறந்து, சங்கீதம் கற்ற பெண். அவரைக் கெட்டிஸ் எங்கே குடி வைத்தார் தெரியுமா? பழைய எடின்பரோவின் அழுக்கடைந்த சந்து ஒன்றில், ஏழைகளும் எலிகளும் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில்!

அன்னா முகம் கோணவில்லை. கணவனும் மனைவியுமாகச் சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். அக்கம் பக்கத்தாரையும் கூட்டிக் கொண்டு முற்றத்தைச் சுத்தம் செய்தார்கள். பாழடைந்த வீடுகளில் சிலவற்றைச் செப்பனிட்டார்கள். மிகவும் கெட்டுப் போனதை மட்டும் இடித்து, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தார்கள்.

1887-ல் மாணவர்கள் தாங்களே நிர்வாகம் செய்து கொள்ளும் விடுதி ஒன்றையும் தொடங்கினார். வகுப்பில் கேட்பது பாதிப் படிப்பு. கூடி வாழ்ந்து, ஊரைப் பார்த்துக் கற்பது மறு பாதி என்பது அவர் கருத்து.

கோபுரத்தில் ஒரு கலாசாலை

1892-ல் எடின்பரோ கோட்டைக்கு அருகே உயரமான கட்டடம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதன் உச்சியில், வெளியே உள்ள நகரத்தின் அசையும் உருவத்தை ஒரு வெள்ளை மேஜையின் மேல் விழச் செய்யும் கண்ணாடிக் கருவி இருந்தது.

வருகிறவர்களை கெட்டிஸ் முதலில் உச்சிக்கு அழைத்துப் போவார். படியேறி மூச்சு வாங்க நிற்பவர்கள் தங்கள் ஊரைப் புதிய கண்ணோடு பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்க வேண்டும். ஒரு மாடியில் எடின்பரோ, அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, அதற்கும் கீழே ஆங்கிலம் பேசும் நாடுகள், பிறகு ஐரோப்பா, தரை மட்டத்தில் உலகம். தன் ஊரில் தொடங்கி உலகத்தில் முடியும் பாடம்!

கோடை விடுமுறைகளில் அவர் நடத்திய வகுப்புகளுக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். பிரெஞ்சு பூகோள அறிஞர் ரெக்ளூ போன்றவர்கள் வந்து பாடம் சொன்னார்கள். பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. ஆனாலும் வந்தார்கள்.

கிடைக்காத நாற்காலிகள்

அறிவு இருந்தது, புகழும் வந்தது. நிலையான உத்தியோகம்தான் வரவில்லை. 1888-ல் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் தாவர நூல் பேராசிரியர் பதவி காலியாயிற்று. ஒரு வாரத்தில் விட்டு வந்த அதே துறை! கெட்டிஸ் பெரியோர்கள் பலரின் நற்சாட்சிப் பத்திரங்களோடு விண்ணப்பம் செய்தார். பதவி மற்றொருவருக்குப் போயிற்று.

மார்ட்டின் ஒயிட் என்ற செல்வந்த நண்பர் கை கொடுத்தார். அவர் அளித்த நன்கொடையால் டண்டீ கல்லூரியில் தாவர நூலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. ஆண்டுக்கு ஒரு கோடைப் பருவம் மட்டும் பாடம் நடத்தினால் போதும். சம்பளம் குறைவு, சுதந்தரம் அதிகம். 31 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

பின்னர் 1907-ல் லண்டன் பல்கலைக் கழகத்தில் சமூக நூலுக்கு முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதற்கும் பணம் தந்தவர் மார்ட்டின் ஒயிட்தான். கெட்டிஸுக்குத்தான் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ஹாப்ஹவுஸ் என்பவருக்குக் கிடைத்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். கதையில் மறுபடியும் வரும்.

புதிய படிப்பு பிறந்தது

1903-ல் டன்பர்ம்லின் என்ற ஊருக்குப் பூங்கா அமைக்கத் திட்டம் கேட்டார்கள். கோடீசுவரர் கார்னெகி பிறந்த ஊர் அது. அவர் கொடுத்த நிதி. கெட்டிஸ் பூங்காவோடு நிற்கவில்லை. ஊரின் வரலாறு, தொழில், ஓடை, பழைய வீடு எல்லாவற்றையும் ஆராய்ந்து பெரிய நூலாகவே எழுதிக் கொடுத்து விட்டார். பூங்கா கேட்டவர்கள் மலைத்துப் போய் அதை ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் அந்த நூலைப் படித்தவர்கள் நகர நிர்மாணம் என்றால் என்ன என்று அதிலிருந்து கற்றுக் கொண்டார்கள்.

அப்போது இந்தக் கலையைப் படிக்க வேண்டுமானால் விண்ணப்பம் போடுவதற்கே ஓர் இடம் இல்லை. எஞ்சினியர் சாலை போட்டார். சிற்பி கட்டடம் கட்டினார். சுகாதார அதிகாரி சாக்கடையைப் பார்த்தார். ஊரை முழுதாகப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

1909-ல் நிலைமை மாறியது. பிரிட்டனில் முதலாவது நகர நிர்மாணச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. லிவர்பூல் பல்கலைக் கழகத்தில் இதற்கென்று தனித் துறை திறக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அமெரிக்காவில் ஹார்வர்டிலும் அதே ஆண்டில் பாடம் தொடங்கியது. கெட்டிஸோ 1911 முதல் தம் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு போனார். எங்கே பெட்டி இறங்கியதோ அங்கே வகுப்பு!

தமிழ்நாட்டு வீதிகளில்

சென்னைக் கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர், கெட்டிஸை அறிந்தவர். அவர் அழைப்பின் பேரில்தான் 1914-ல் மூத்த மகன் அலாஸ்டருடன் கெட்டிஸ் சென்னைக்கு வந்தார்.

மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைக் கால்நடையாகச் சுற்றினார். வெயில் என்று பாராமல் சந்து சந்தாக நுழைந்தார். கிணற்றையும் குளத்தையும் திண்ணையையும் மரத்தடியையும் குறித்துக் கொண்டார். கோயிலை நடுவில் வைத்து, தேர் திரும்பும்படி சுற்றிலும் வீதிகள் அமைத்த நம் முன்னோரின் நகர அமைப்பைக் கண்டு வியந்தார்.

நெருக்கம் என்றால் இடி, சாலை என்றால் நேர்கோடு என்பது அந்நாளைய அதிகாரிகளின் முறை. நூற்றுக் கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கி அகலப் பாதை போடத் திட்டம் தீட்டுவார்கள். வீடிழந்த ஏழைகள் அடுத்த சேரியில் போய் இன்னும் நெருக்கமாக அடைந்து கொள்வார்கள்.

கெட்டிஸ் வேறு வழி காட்டினார். காலில் கட்டி வந்தால் காலையே வெட்டுவது வைத்தியம் அல்ல. இடிந்த வீடு ஒன்றை எடுத்தால் அந்த இடம் முற்றமாகும். அங்கே ஒரு மரம் நட்டால் தெருவுக்கே நிழல் தரும். குறைந்த செலவு, குறைந்த கண்ணீர். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்து என்று வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்னதைக் கெட்டிஸ் நகரத்துக்குச் செய்து காட்டினார்.

1917

அந்த ஆண்டை கெட்டிஸால் என்றும் மறக்க முடியவில்லை. மகன் அலாஸ்டர் யுத்தத்துக்குப் போயிருந்தான். தந்தையின் வேலைக்கு அவன்தான் வாரிசு என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஏப்ரல் மாதம் பிரான்ஸ் போர்க்களத்தில் குண்டு பட்டு அவன் இறந்தான்.

தந்தி வந்தபோது அன்னா கல்கத்தாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். சொன்னால் தாங்க மாட்டார் என்று கெட்டிஸ் செய்தியை மறைத்தார். மகன் முன்பு எழுதியிருந்த கடிதங்களை எடுத்து வந்து, மனைவியின் படுக்கை அருகே உட்கார்ந்து படித்துக் காட்டினார். இறந்த மகனின் கடிதம் அது என்று தாய்க்குத் தெரியாது. படித்த தந்தையின் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்!

ஜூன் மாதம் அன்னாவும் கண்ணை மூடினார். 30 ஆண்டுக் காலம் சேரியிலும் கோபுரத்திலும் கப்பலிலும் கூடவே நின்ற துணை போயிற்று. கெட்டிஸ் துக்கத்தை வேலையில் புதைத்தார்.

இந்தூர் தீபாவளி

இந்தூர் சமஸ்தானத்தில் பிளேக் நோய் பரவியிருந்தது. நகரைச் சீர்படுத்த கெட்டிஸை அழைத்தார்கள். தீபாவளி நெருங்கியது. ஊர்வலத்தைத் தம் பொறுப்பில் விட வேண்டும் என்று மகாராஜாவிடம் அனுமதி பெற்றார். வழக்கமான பாதையில் ஊர்வலம் வராது. எந்தத் தெரு மிகச் சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெருவில்தான் வரும் என்று பறை அறைவித்தார்.

அவ்வளவுதான்! ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. வீடுகளுக்கு வெள்ளை அடித்தார்கள். வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. தீபாவளியன்று பிளேக் நோயைக் குறிக்கும் பிரமாண்டமான எலி பொம்மை ஊர்வலத்தில் வந்தது. கோட்டைகளும் அரக்கர் உருவங்களும் தீக்கு இரையாயின. நகரத்தைக் கூட்டும் தொழிலாளர்கள் வெள்ளை உடை அணிந்து, மலர் சூடி, மரியாதையோடு நடந்தார்கள். சட்டமும் அபராதமும் செய்யாததை ஒரு திருவிழா செய்து விட்டது.

1918-ல் இந்தூருக்காக அவர் எழுதிய அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது.

பம்பாயில் பேராசிரியர்

1919-ல் பம்பாய்ப் பல்கலைக் கழகம் அவரைச் சமூக நூல், குடிமை நூல் பேராசிரியராக நியமித்தது. 65 வயதில், பட்டமில்லாத அந்த மனிதர் ஒரு பல்கலைக் கழகத்தில் புதிய துறையைத் தொடங்கி வைத்தார்.

அவர் வகுப்பு எளிதானதல்ல. தாடிக்குள் பேசுவார், பாதி கேட்காது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி ஒன்பதுக்குத் தாவுவார். குறிப்பு எடுத்துப் பரீட்சை எழுத நினைத்தவர்கள் திண்டாடினார்கள். வீதியில் கூட நடந்து வரச் சம்மதித்தவர்களுக்கோ அள்ள அள்ளக் குறையாத புதையல்.

ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்துச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்கப் பல்கலைக் கழகம் விரும்பியது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கெட்டிஸுடையது. கோவிந்த சதாசிவ குர்யே என்ற சமஸ்கிருதம் படித்த இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொருள், நகரம் என்ற முறையில் பம்பாய். தம் காலடியில் உள்ள ஊரைப் பார்க்கத் தெரிந்தவரை கெட்டிஸ் கண்டு கொண்டார். உதவித் தொகை குர்யேவுக்குக் கிடைத்தது.

1920-ல் குர்யே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் யார்? முன்பு கெட்டிஸுக்குக் கிடைக்காத நாற்காலியில் அமர்ந்த அதே ஹாப்ஹவுஸ்! குர்யேவின் மனம் அங்கே ஒட்டவில்லை. லண்டனை விட்டு, கேம்பிரிட்ஜில் மானிட நூல் அறிஞர் ரிவர்ஸைத் தேடிப் போனார். 1922-ல் ரிவர்ஸ் இறந்த பிறகு, ஹாடன் என்பவரிடம் ஆராய்ச்சியை முடித்து டாக்டர் பட்டம் பெற்றார்.

எடின்பரோவை விட்டு ஹக்ஸ்லியிடம் ஓடிய இளைஞரின் கதை அரை நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடியும் நடந்தது. ஆனால் குர்யே பட்டத்தோடு திரும்பினார். 1924 முதல் 1959 வரை பம்பாய்த் துறையின் தலைவராக விளங்கி, இந்தியச் சமூக நூலுக்கே தந்தை என்று பெயர் பெற்றார்.

வர மறுத்த சீடர்

அமெரிக்காவில் லூயி மம்போர்டு என்ற இளைஞர் கல்லூரியில் படிக்கும்போதே கெட்டிஸின் நூல்களைக் கண்டு மயங்கினார். கடல் கடந்து கடிதங்கள் பறந்தன. அவரும் பட்டம் பெறவில்லை. நியூயார்க் வீதிகளையே கலாசாலையாகக் கொண்டு நடந்து நடந்து படித்தார்.

1923-ல் கெட்டிஸ் நியூயார்க்குக்கு வந்தார். ஆண்டுக் கணக்காகக் கடிதத்தில் பழகிய குருவும் சீடரும் நேரில் சந்தித்தார்கள். மம்போர்டைப் பார்த்ததும் கிழவருக்கு இறந்த மகனின் நினைவு வந்து விட்டது. கண்ணீர் பெருக, மகனுடைய இடத்தை அவரே நிரப்ப வேண்டும் என்று கேட்டார். தம்மோடு இருந்து, சிதறிக் கிடக்கும் குறிப்புகளையெல்லாம் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று விரும்பினார்.

இளைஞர் திகைத்தார். அன்பு இருந்தது; பக்தியும் இருந்தது. ஆனால் மற்றொருவரின் மகனாகத் தம் வாழ்நாளைக் கொடுக்க முடியுமா? மம்போர்டு மறுத்தார். தம் ஆசிரியர்களைத் தாமே தேர்ந்து கொண்டவர் கெட்டிஸ். தம் சீடருக்கும் அந்த உரிமை உண்டு என்பது அவருக்கு அப்போது கசப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சீடர் குருவை மறக்கவில்லை. 1925-ல் பிறந்த தம் மகனுக்கு கெட்டிஸ் என்றே பெயர் சூட்டினார். நகரங்களின் வரலாற்றைப் பற்றி 1961-ல் அவர் எழுதிய பெருநூல் உலகப் புகழ் பெற்றது. அருகே வைத்துக் கொள்ள முடியாத சீடர்தான் கெட்டிஸின் கருத்துகளை அதிக தூரம் கொண்டு சென்றார்.

கடைசி நாட்கள்

1924-ல் கெட்டிஸ் இந்தியாவை விட்டு, தெற்குப் பிரான்ஸில் மான்பெல்லியே நகருக்கு வெளியே ஒரு கல்லூரி கட்டத் தொடங்கினார். கரடு முரடான நிலம். அதைத் தோட்டமாக்கினார், அங்கும் ஒரு கோபுரம் எழுப்பினார். இடையே பாலஸ்தீனத்தில் டெல் அவிவ் நகருக்கு 1925-ல் திட்டம் தந்தார். அந்தத் திட்டத்தின் மேல் வளர்ந்த வெள்ளை நகரத்தை 2003-ல் யுனெஸ்கோ உலகச் சொத்தாக அறிவித்தது.

முன்பு ஒரு முறை வேண்டாம் என்று மறுத்த சர் பட்டம் 1932-ல் மறுபடியும் தேடி வந்தது. இந்தத் தடவை ஏற்றுக் கொண்டார். அரசரிடம் பட்டம் பெறுவதற்காக லண்டன் குளிரில் காத்திருந்தது அவர் உடம்புக்கு ஒத்துக் கொள்ளவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி மான்பெல்லியேயில் காலமானார். வயது 77.

அவர் கொடுத்த திட்டங்களில் பல அலமாரிகளில் தூங்கின. இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளிலிருந்து ஜாக்குலின் டிர்விட் என்ற பெண்மணி முக்கியமான பகுதிகளைத் தொகுத்து 1947-ல் வெளியிட்டார். அதன் பிறகுதான் புதிய தலைமுறை அவரை மறுபடியும் படிக்கத் தொடங்கியது.

இன்றைய மாணவர்களுக்கு

இன்று நகரமைப்பு படிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. டெல்லியில் 1955-ல் இதற்கெனத் தனிப் பள்ளி ஏற்பட்டது. சென்னையில் அண்ணா பல்கலைக் கழகத்தில் முதுநிலைப் படிப்பே இருக்கிறது. வெளிநாடுகளில் எத்தனையோ. விண்ணப்பம் போட்டு, நற்சாட்சிக் கடிதங்கள் வாங்கி, எந்தக் கல்லூரியின் பெயர் பெரிது என்று கணக்குப் பார்த்துக் காத்திருக்கிறார்கள் பிள்ளைகள். அவர்களோடு பெற்றோரும் காத்திருக்கிறார்கள்.

பட்டம் வேண்டாம் என்பதல்ல கெட்டிஸின் வாழ்க்கை தரும் பாடம். பட்டமில்லாத குறை அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அவருடைய நண்பரைப் போன்ற செல்வந்தர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார். கிடைத்த பட்டத்தால் குர்யே சாதித்ததும் கண்கூடு.

ஆனால் எடின்பரோவில் அந்த ஒரு வாரத்தில் அவர் தம்மைத் தாமே கேட்டுக் கொண்ட கேள்வி மட்டும் பழசாகவில்லை. இங்கே சொல்லித் தருகிறவர் யார்? தவறைக் காட்டினால் ஒப்புக் கொள்வாரா? உயிருள்ள ஊரைக் காட்டுவாரா, காய்ந்த இலையைக் காட்டுவாரா? வகுப்பை விட்டு வெளியே வந்தால் நடந்து பார்க்க ஒரு நகரம் இருக்கிறதா?

கல்லூரியின் பெயரைக் கேட்கும் முன் இவற்றைக் கேட்டுக் கொள்கிற மாணவன் ஏமாற மாட்டான். விண்ணப்பத்தில் எழுதுவதற்கும் அவனுக்கு விஷயம் இருக்கும். குர்யேவுக்குச் சீமைக் கதவைத் திறந்து விட்டது அவர் தினமும் நடந்த பம்பாய் வீதிதானே!